மாப்பிள்ளை தேர்ந்தெடுத்த டயர்

டியூபுலர் டயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் அதை முகர்ந்து பார்க்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஐயா. ரப்பர் பச்சை வாடை அடித்தால் டயர் இன்னும் பதப்படவில்லை என்று அர்த்தம். வெளிச்சம் படாத அலமாரியில் ஆறு மாதம் தொங்கவிட்டு எடுத்தால் ரப்பர் இறுகிவிடும், கண்ணாடித் தூளை அவ்வளவு சுலபமாக உள்ளே விடாது. இதை நம்பாத மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். பிழைப்பு அவர்களுக்கும் ஓடத்தான் செய்கிறது.

நீங்கள் ரேஸ் சைக்கிள் ஓட்டுகிறவர் மாதிரித் தெரியவில்லை. அதனால் ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன், இல்லையென்றால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிபடாது. சாதாரண சைக்கிளில் டயர் ரிம்மின் விளிம்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கும், டியூப் உள்ளே தனியாக இருக்கும். டியூபுலர் அப்படி இல்லை. டியூபை உள்ளே வைத்துத் துணியைச் சுற்றித் தைத்து ஒரே குழாயாக வரும். கவ்வுவதற்கு ரிம்மில் விளிம்பே கிடையாது. லேசாகக் குழிந்த படுகை ஒன்று இருக்கும், அதில் பசை போட்டு ஒட்ட வேண்டும். ஆக, மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில் மலை இறங்குகிற மனிதன் நம்பியிருப்பது என் பசையைத்தான். இருபத்தாறு வருஷத்தில் நான் ஒட்டிய டயர் ஒன்றுகூட ரிம்மைவிட்டு வந்ததில்லை. எங்கள் சைக்கிள் கிளப்பில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

கிளப்பின் விசாரணை அறிக்கையை நீங்களும் படித்திருப்பீர்கள். மலைப் பந்தயத்தின் இறக்கத்தில், ஏழாவது வளைவில், முன் டயர் கழன்று என் தங்கையின் கணவர் தடுப்புச் சுவரில் மோதினார். காறை எலும்பு, இடுப்பு, முதுகுத் தண்டு. மறுபடி நடப்பாரா என்பதை இன்னும் ஒரு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். இதற்குக் காரணம் 'டயரை ஒட்டிய மெக்கானிக்கின் கவனக்குறைவு' என்று செயலாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர். பசை என்றால் தபால் தலைக்குப் பின்னால் இருப்பது என்று நினைக்கிற மனிதர். கவனக்குறைவாம். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதை நேர் செய்யத்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள் யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். கீழே என் பட்டறையும் என் அறையும், மாடியில் பாப்பாவும் மாப்பிள்ளையும். பாப்பா என்றால் என் தங்கைதான். முப்பத்தேழு வயதாகிறது, குடிநீர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள், ஆனாலும் எனக்குப் பாப்பாதான். அவளுக்குப் பதினோரு வயதிருக்கும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, காய்ச்சலுக்குக் கண்விழித்தது, யாரோடு பழகலாம் யாரோடு பழகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னது எல்லாம் நான். இன்றைக்கும் அவளுக்கு ஒரு கடிதம் வந்தால் நான் படித்த பிறகுதான் மாடிக்குப் போகும். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை, அவளுக்குத் தெரியாது என்பதைத் தவிர. பசை வேலை தெரிந்தவனுக்கு உறையைப் பிரிப்பதும் திரும்ப ஒட்டுவதும் ஒரு வேலையா?

மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். தங்கமான மனிதர், அதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. குடிக்க மாட்டார், குரலை உயர்த்தமாட்டார், குளித்தால் தரையைத் துடைத்துவிட்டு வருவார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தவர், கடைசியில் என் தங்கையையே கட்டிக்கொண்டு மாடியில் குடியேறினார். மாடியில் இருக்கச் சம்மதித்ததால்தான் நானும் சம்மதித்தேன். அன்றிலிருந்து அவர் சக்கரங்களை வேறு யாரும் தொட்டதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் எனக்கு மூக்கில் வியர்க்க ஆரம்பித்தது. பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. நான் சமையலறைக்குள் போனால் பேச்சு நின்றுவிடும். நின்றவுடனே மாப்பிள்ளை மழை வருமா வராதா என்று ஆரம்பிப்பார். கணக்கு வாத்தியாருக்கு மேகத்தின் மேல் என்ன திடீர் அக்கறை? பிறகு ஒரு நாள் பட்டறையில் என் அளவு டேப் இடம் மாறித் தொங்கியது. என்னிடம் எல்லாவற்றுக்கும் ஆணி உண்டு. டேப்புக்கு மூன்றாவது ஆணி, அன்றைக்கு நான்காவதில் இருந்தது. அவர்கள் இல்லாத நேரம் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கட்டில், பீரோ, சாப்பாட்டு மேஜை மூன்றின் பின்புறத்திலும் பென்சிலால் நீள அகலம் குறித்திருந்தது. மாப்பிள்ளையின் எழுத்து, ஏழுக்கு நடுவில் கோடு போடுவது அவர்தான். சாமானை இருக்கிற இடத்திலேயே வைத்துக்கொள்ளப் போகிறவன் அதை எதற்காக அளக்கிறான்?

நூல் விட்டுப் பார்த்தேன். சாப்பிடும்போது, "மாடிக்கு பெயின்ட் அடிச்சிடலாம்னு பாக்கறேன். என்ன கலர் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டேன்.

பாப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இப்ப எதுக்குண்ணா அதெல்லாம், அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள்.

மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. எனக்கு அது போதும். மாப்பிள்ளை எதையோ அவள் தலையில் ஏற்றிவிட்டிருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். வீட்டைவிட்டுப் போகிற யோசனையெல்லாம் பாப்பாவுக்குத் தானாக வராது. அவளை வளர்த்தவன் நான், எனக்குத் தெரியாதா?

ஒன்பது நாள் கழித்து அவள் துறையிலிருந்து பழுப்பு உறை ஒன்று வந்தது. இடமாற்ற ஆணை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரின் ஆய்வகம், அடுத்த மாதம் முதல் தேதி பொறுப்பேற்க வேண்டும். இரண்டு முறை படித்தேன். மடித்து ஒட்டி அவள் மேஜையில் வைத்தேன். அவளாகச் சொல்வாள் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். சொல்லவில்லை. அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, காலையில் எனக்குக் காபி கொடுக்கும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுடையது இல்லை, ஐயா. யாரோ சொல்லிக்கொடுத்த சிரிப்பு. அன்றைக்குப் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், என்னைக் கல் நெஞ்சுக்காரன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

பிறகு நிதானமாக யோசித்தேன். ஆணையைக் கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் அலுவலகத்தில் நகல் இருக்கும். சண்டை போட்டிருக்கலாம், ஆனால் சண்டை போட்டுப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. இழுக்கிறவர் யாரோ அவர் கொஞ்ச நாள் நடமாடாமல் இருந்தால் போதும் என்று தோன்றியது. காறை எலும்பு முறிந்தால் ஆறு வாரம். பாப்பா லீவு போடுவாள், முதல் தேதி தாண்டிப் போகும், அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். மாடியில் படுத்திருப்பவருக்கு நான் வேளாவேளைக்கு எல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பேன். மூன்று பேரும் பழையபடி இருப்போம். இதில் யாருக்கு என்ன கெடுதல் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. மலைப் பந்தயத்துக்கு அப்போது பதினெட்டு நாள் இருந்தது.

ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை இரண்டு சக்கரங்களையும் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். பழைய டயர்களில் நூல் தெரிய ஆரம்பித்திருந்தது. நான் மேஜையில் மூன்று ஜோடி புது டயர்களை வரிசையாக வைத்தேன். முதலாவது இருபத்தெட்டு மில்லி அகலம், பருத்தித் துணி, ரிம்மில் ஒட்டுகிற அடிப்பட்டை நல்ல தடிமன். நடுவில் இருபத்தைந்து. மூன்றாவது இருபத்திரண்டு மில்லி, கையில் எடுத்தால் எடையே தெரியாது. அவருடைய ரிம் அகலமான ரிம், அதன் படுகை இருபத்தெட்டுக்கென்று குழித்தது. ஒடுக்கமான டயரை அதில் வைத்தால் நடுவில் மட்டும் ஒட்டும், இரண்டு ஓரமும் அந்தரத்தில் நிற்கும். வளைவில் சாயும்போது டயரைப் பிடிப்பது ஓரம்தான்.

"நீங்க எதைப் போடச் சொல்றீங்க மச்சான்?" என்று கேட்டார்.

முதல் ஜோடியைத் தட்டிக் காட்டினேன். "உங்களுக்கு இதுதான் சரி. இந்த வயசுக்கு இது போதும். மெதுவா போனாலும் பத்திரமா போய்ச் சேரலாம்."

வயது என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். அவருக்கு நாற்பது முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

"அந்த மூணாவது?"

"அது சின்னப் பசங்க போடறது. ஒரு சக்கரத்துக்கு எண்பது கிராம் குறையும். உங்களுக்கு எதுக்கு அந்த வம்பெல்லாம்?"

ஒரு வாத்தியாரை எதையாவது செய்யவைக்க வேண்டுமென்றால் அது அவருக்கு ஆகாது என்று சொன்னால் போதும். சாக்பீஸை எடுத்து என் மேஜையிலேயே கணக்குப் போட்டார். இரண்டு சக்கரத்துக்கு நூற்றறுபது கிராம், பதினாலு கிலோமீட்டர் ஏற்றம், அவருடைய எடை, வண்டியின் எடை. கடைசியில், "அஞ்சு செகண்ட் மிச்சமாகுது மச்சான்," என்றார். போன வருஷம் நாலு செகண்டில் மூன்றாம் இடத்தைக் கோட்டைவிட்டவர் அவர். அது எனக்குத் தெரியாமலா இருக்கும்?

"அப்புறம் நான் சொல்லலைன்னு சொல்லாதீங்க," என்றேன்.

"நானாத்தானே எடுக்கறேன். உங்க மேல பழி வராது, போதுமா?" என்று சிரித்தார்.

ஆக, டயரைத் தேர்ந்தெடுத்தது அவர். இதை நீங்கள் மறக்கக் கூடாது.

டயரை ஒழுங்காக ஒட்ட நாலு நாள் ஆகும். முதல் நாள் பசை இல்லாமல் ரிம்மில் ஏற்றிக் காற்றடித்து இழுபட விட வேண்டும். மறுநாள் ரிம்மிலும் அடிப்பட்டையிலும் மெல்லிசாக ஒரு பூச்சு, ஒரு நாள் காயவிட வேண்டும். அப்புறம் இன்னொரு பூச்சு, இன்னொரு நாள். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வால்வில் ஆரம்பித்து இரண்டு கையாலும் அழுத்தி இழுத்து ஏற்ற வேண்டும். பின் சக்கரத்தில் இதில் ஒரு படிகூடக் குறைக்காமல் செய்தேன். அகலம் சரியில்லாத டயருக்கு ஓரத்தில் கூடுதல் பூச்சுக் கொடுத்தால் அதுவும் நிற்கும், கை தெரிந்தவன் ஒட்டினால். அந்தப் பின் டயர் இப்போதும் ரிம்மில்தான் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து இழுத்துப் பாருங்கள், வராது.

முன் சக்கரத்தில் ஓரப் பூச்சு கொடுக்கவில்லை. அதோடு ஒரு இடத்தில், நாலு விரல் அகலத்துக்கு, பசையே வைக்கவில்லை. மெழுகு தடவிய துணியால் ஒரு முறை துடைத்துவிட்டேன். எந்த இடம் என்பதுதான் முக்கியம். எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. பந்தயத்துக்கு முந்தின நாள், ஒட்டியவர் அல்லாத வேறொருவர் டயரைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்து ரிம்மில் சாக்பீஸ் புள்ளி வைக்க வேண்டும். வைப்பவர் செயலாளர். வால்வு இருக்கும் இடத்தில் ஒரு தள்ளு, நேர் எதிரே ஒரு தள்ளு, "கெட்டியா இருக்கு" என்பார், புள்ளி வைப்பார். பதினைந்து வருஷமாகப் பார்க்கிறேன், வேறெங்கும் அவர் விரல் பட்டதில்லை. அதனால் நான் இரண்டுக்கும் சரிநடுவில் ஒரு இடத்தை எடுத்துக்கொண்டேன். அவர் புள்ளி வைத்தார். இப்போது கவனக்குறைவு யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஏன் முன் சக்கரம் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பின் டயர் கழன்றால் வண்டி சறுக்கும், தோல் உரியும், ஆள் நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து ஒரே வாரத்தில் மூட்டை கட்டிவிடுவார். முன் டயர் கழன்றால் வண்டியைத் திருப்ப முடியாது. ஒரு காறை எலும்புக்கு முன் சக்கரம் தேவைப்பட்டது. வளைவுகளில் சுவர் இருப்பது தெரியுமா என்றால், தெரியும். இருபது வருஷமாகச் சர்வீஸ் ஜீப்பில் உட்கார்ந்து அந்த மலையில் இறங்குகிறேன். ஆனால் மனிதன் நல்லதைத்தானே எதிர்பார்ப்பான்.

பந்தயத்தன்று காலையில் பாப்பாவும் வந்திருந்தாள். புறப்படுகிற கோட்டுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை இரண்டு வட்டம் சுற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"முன்னாடி லேசா தட்டற மாதிரி இருக்கு மச்சான். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை."

குனிந்து சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டேன். அந்த நாலு விரல் இடம் என் கண்ணுக்கு நேரே வந்து வந்து போனது. கட்டைவிரலை வைத்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

"புது டயர் அப்படித்தான் இருக்கும். ஓடினா உக்காந்துடும்," என்றேன்.

"நீங்க பாத்தாச்சுன்னா சரி," என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

பாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அண்ணா, நிஜமாவே பாத்தியா?"

"பாத்தேம்மா."

"என்னைப் பாத்துச் சொல்லு."

அவளைப் பார்த்துச் சொன்னேன். ஜீப்பின் மேல் மூன்று உதிரிச் சக்கரங்கள் இருந்தன, மாற்றுவதற்கு எனக்கு அரை நிமிஷம் போதும். அப்போது நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். என் தங்கை என்னையே சந்தேகப்படுகிற அளவுக்கு அவர் அவளைக் கெடுத்து வைத்திருக்கிறார். கொஞ்சநஞ்சம் இருந்த தயக்கமும் அத்தோடு போய்விட்டது.

ஏற்றத்தில் மாப்பிள்ளை மூன்றாவதாகப் போனார். கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறார். இறக்கத்தில் ஆறு வளைவு வரை ஒன்றும் ஆகவில்லை. பிரேக் பிடித்துப் பிடித்து ரிம் சூடாகி, இருந்த பசையும் இளகியிருக்க வேண்டும். ஏழாவதில் டயர் ஒரு பக்கமாக வழுக்கி வெளியே வந்ததை ஜீப்பிலிருந்து பார்த்தேன். சத்தம் பெரிதாக இல்லை. ஓட்டுநர் வண்டியை நிறுத்துவதற்கு முன்னாலேயே நான் குதித்துவிட்டேன். நேராகச் சக்கரத்திடம் போனேன். நான் கணக்குப் போட்ட அதே இடத்தில்தான் விட ஆரம்பித்திருந்தது, ஒரு விரல்கூடத் தள்ளி இல்லை. பிறகுதான் சக்கரத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் போனேன். கண் திறந்திருந்தது. "நான்தான் மச்சான் இந்த டயர் வேணும்னேன்," என்றார். செயலாளர் பின்னால் வந்த வண்டியிலிருந்து இறங்கி, நான் அதிர்ச்சியில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பதாக நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

முதல் தேதி வந்தது, போனது. பாப்பா ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், புது ஊருக்குப் போகவில்லை. நான் நினைத்தது நடந்தது, நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக. நான் கொண்டுபோகிற சாப்பாட்டை அவள் தொடுவதில்லை. கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொள்கிறாள். வருத்தத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் இருப்பார்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே அறிக்கையில் அந்த வரியை மாற்றிவிடுங்கள். முன் டயரை அப்படி ஒட்டியது நான், வேண்டுமென்றே ஒட்டினேன், முழுக் கவனத்தோடு ஒட்டினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

இது என்ன கோப்பு?

இடமாற்றம் கேட்டு பாப்பா அவள் துறைக்கு எழுதிய விண்ணப்பங்களா. இதை உங்களுக்கு யார் கொடுத்தது? அவளேவா. முந்தாநாள் இங்கே வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணன்மேல் சந்தேகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாளா. சரி. ஆஸ்பத்திரியில் தூக்கம் இல்லாமல் இருக்கிறாள், என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்காது.

மூன்று விண்ணப்பம். மூன்றும் அவள் எழுத்துதான், ஒத்துக்கொள்கிறேன். 'எவ்வளவு தொலைவானாலும் சம்மதம், வீட்டு முகவரிக்குத் தயவுசெய்து பதில் அனுப்ப வேண்டாம்' என்று மூன்றிலும் எழுதியிருக்கிறாள். அப்படியும் ஆணையை வீட்டுக்கேதான் அனுப்பியிருக்கிறார்கள். கடைசியது இந்த வருஷம். நடுவில் இருப்பது ஐந்து வருஷத்துக்கு முந்தியது. முதலாவது பத்து வருஷத்துக்கு முந்தியது. மாப்பிள்ளை என் பட்டறைக்கு முதன்முதலாக வந்ததே எட்டு வருஷத்துக்கு முன்னால்தான் என்று நானே சொன்னதாக நினைவூட்டுகிறீர்கள். ஆமாம், சொன்னேன். துறை போட்ட முத்திரையிலும் அதே தேதிதான் இருக்கிறது என்கிறீர்கள்.

தப்பாகப் போட்டிருப்பாள், ஐயா. சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தேதி மனதில் நிற்காது. எப்போதும் நான்தான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பேன்.